சராசரிக் கதி

ஒன்பதாம் தரத்துக்கு ஏழாவது வினா.
மூன்று நிரல் போட்டேன்: தூரம், கதி, நேரம்.
இரண்டு நிரை: பஸ், படகு.
திருகோணமலையிலிருந்து மூதூருக்குத்
தரையால் நாற்பது கிலோமீற்றர் எனக் கொள்க,
கடலால் பன்னிரண்டு.

உண்மையில் எவ்வளவென்று நிஸ்மியா கேட்டாள்.
விடை நேராய் வரவேண்டும், அதுதான் உண்மை என்றேன்.
பஸ்ஸுக்கு முப்பது, படகுக்கு ஒன்பது.
வகுத்துப் பார்த்தால் இரண்டுக்கும்
ஒரு மணியும் இருபது நிமிடமும்.
எனக்கே பிடித்திருந்தது.
காலை ஆறரைக்கு இரண்டும் புறப்பட்டால்
ஏழு ஐம்பதுக்கு
ஒன்று துறையில், ஒன்று சந்தியில்,
ஒன்றையொன்று காணாமல் போய் நிற்கும்.

வலயக் கல்வி அலுவலகத்தின் மின்விசிறி
தாள்களைத் தூக்கத் தூக்கத்
தேநீர்க் கோப்பையை வைத்து அமர்த்தினோம்.
வெளியே இரண்டு மான்
வீதியைக் கடக்கும்வரை ஒரு லொறி நின்றது.
அதற்கு நிரல் இல்லை.

"சீரான கதியில்" என்று ஒரு சொல் சேர், என்றாள்.
சேர்த்தேன்.
"வழியில் நிற்காமல்" என்றும் சேர்.
கொட்டியாரக் குடாவில் அலை எடுத்தால்?
அலை இல்லையெனக் கொள்க.
கிண்ணியாப் பாலத்தடியில் ஆள் ஏற்றினால்?
ஏற்றவில்லையெனக் கொள்க.
கொள்க, கொள்க என்று
ஊரில் ஒன்றும் மிஞ்சாமல் கொண்டோம்.

பாலம் வருமுன் அங்கே பாதை ஓடியது,
லொறியும் ஆடும் மாப்பிள்ளையும் ஒரே பலகையில்.
மறுகரை கைக்கெட்டும் தூரம்.
காத்திருப்பு சில நாளில் அரைநாள்.
அந்த நிரையை நாங்கள் போடவே இல்லை.

எட்டாவது, பிள்ளைகள் வழுக்கி விழும் இடம்.
போகையில் அறுபது, வருகையில் நாற்பது;
சராசரிக் கதி?
ஐம்பது என்று எழுதுவார்கள், வருடா வருடம்,
சிவப்புப் பேனா முடியும்வரைக்கும்.
நாற்பத்தெட்டு.
ஏனென்றால் மெல்லப் போன பாதியில்தான்
கூடுதல் நேரம் இருந்திருக்கிறோம்.
அதன் பாரம் அதிகம்.

இதைச் சொல்லும்போது நிஸ்மியா
பேனாவை மூடி வைத்தாள்.
"நாங்க மூதூர விட்டு நடந்தமே, சுகிர்தா,
ஆறாம் ஆண்டு, கந்தளாய்க்கு.
நடக்கக்குள்ள மணிக்கு மூணு நாலு கிலோமீற்றர் வரும்.
கைக்குழந்தையோடயும் வரும்.
ஆனா இடையில பள்ளிக்கூடத்தில படுத்துக் கிடந்த இரவு,
ஒரு சந்தியில
வெயிலுக்குள்ள இருத்தி வெச்ச பகல்,
அதையும் சேர்க்கிறதா?"

நிற்கும் நேரமும் நேரம்தான்.
பாடநூல் அப்படித்தான் சொல்கிறது.
சேர்க்கவேண்டும் என்றேன்.
சேர்த்தால் பூச்சியத்துக்குக் கிட்ட வருது, என்றாள்.

கதி என்றால் இவ்வளவு நேரத்தில் இவ்வளவு தூரம்.
கதி என்றால், பிறகு உங்களுக்கு என்ன ஆச்சு என்பதும்.
நாங்கள் அலகை மட்டும் கேட்போம்.

வினாவின் கடைசியில்
"ஓய்வு நேரம் தவிர்த்து" என்று எழுதிவிட்டுத்
தேநீரைக் குடித்தோம். ஆறிப்போயிருந்தது.

மார்கழி மழையோடு விடைத்தாள் கட்டு வந்தது.
தம்பலகாமத்துப் பிள்ளை ஒன்று,
பெயர் தெரியாது, சுட்டெண் மட்டும்,
ஏழாவதுக்கு அட்டவணை போடவில்லை.
ஒரே மூச்சில் எழுதியிருந்தது:
"படகு முந்தும். பஸ் கிண்ணியாவில் நிற்கும்.
எங்கட மாமாதான் கொண்டக்டர்."

புள்ளித்திட்டப்படி பூச்சியம்.
நிஸ்மியா அந்தத் தாளை
ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்
இன்னொரு தரம் வாசித்தாள்.
மூன்றில் ஒன்று போட்டாள்.
பக்கத்தில் காரணம் எழுதவேண்டும்.
எழுதவில்லை.
நான் கையெழுத்து வைத்தேன்.